தூசிக்கு ஏது தோள்பட்டை

ஞாயிற்றுக்கிழமைப் புகைப்படக் குழு இப்போது எடுக்கிற எந்தப் படத்திலும் எக்ஸ்ரே அக்கா இல்லை. இத்தனைக்கும் படம் எடுக்கிற நேரமெல்லாம் அவள் கேமராவுக்கு முன்னால்தான் இருக்கிறாள். கூட்டத்துக்குள் புகுந்து நடக்கிறாள். யாருடைய கையோ பையோ தோளில் பட்டால் உடனே திரும்பி அந்த ஆளின் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு மறுபடி நடக்கிறாள். வேறு குழுவாக இருந்தால் குறுக்கே வராதே என்று விரட்டியிருப்பார்கள். இவர்கள் விரட்டுவதில்லை, ஏன் என்று கேட்பதுமில்லை. அவர்களுக்குத் தெரியும்.

இவர்கள் படம் எடுக்கும் விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. கேமராவின் கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டுவார்கள். வெல்டிங் வைப்பவர் முகத்துக்குப் பிடித்துக்கொள்வாரே, ஏறக்குறைய அந்தக் கறுப்பு. பட்டப்பகலே கேமராவுக்கு இருட்டாகிவிடும். அந்த இருட்டில் படம் பதிய வேண்டுமானால் ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்து வைத்திருக்க வேண்டும். அத்தனை நேரத்தில் நடந்து போகிறவன் ஓரிடத்தில் பதிகிற அளவுக்கு நிற்பதே இல்லை. அவன் வந்ததற்கும் போனதற்கும் அடையாளம் இருக்காது. சுவர், கம்பம், பெஞ்சு, படிக்கட்டு என்று அசையாதவை மட்டும் விழும். சந்தை நெரிசலின் நடுவில் நின்று எடுத்த படத்தில் ஈ காக்கை இருக்காது.

இந்தப் பைத்தியத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் பல் டாக்டர். அவர்தான் குழுவின் தலைவர். ஊரில் பாதிப் பேரை ‘வாயைத் திற’ என்று மிரட்டியே வாழ்ந்தவர், ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தோரணை இறங்காது. “வாரம் பூரா ஜனங்க வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டு கெடக்கேன். ஒரு நாளாவது ஜனமே இல்லாம இந்த ஊரைப் பாக்கணும், விடுங்க,” என்பார். அவருக்கு அடுத்தபடி கணக்கு டீச்சர். வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை நிமிடம் திறக்க வேண்டும் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். மூன்றாவது ஆள் ஓய்வு பெற்ற தபால்காரர், சுத்தக்காரர். படத்தில் ஒரு புள்ளி இருந்தால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தேடித் தேடித் துடைப்பார். நாலாவது ஆள்தான் எக்ஸ்ரே அக்கா.

சனிக்கிழமை சாயங்காலம் தையற்கடைக்கு மேல் இருக்கும் அறையில் கூடுவார்கள். கீழே மிஷின்கள் ஓடும்போது மேலே தரை லேசாக அதிரும். சுவரில் அவர்களுடைய பழைய படங்கள் தொங்கும். புதிதாக உள்ளே வருகிறவர்கள் முதலில் “ஆகா” என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தேய்த்துக்கொண்டு வாசல் பக்கம் பார்ப்பார்கள். கடைகள் திறந்திருக்கும், தராசு தொங்கும், நாற்காலிகள் போட்டிருக்கும், ஆள் மட்டும் இருக்காது. ஊரே ஏதோ ஒரு சத்தத்தைக் கேட்டு எழுந்து ஓடியதுபோல் இருக்கும். எக்ஸ்ரே அக்காவும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். ஆனாலும் அவள் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அவளுக்கு வேலை ஒரு ஸ்கேன் சென்டரில். தரைக்குக் கீழே ஜன்னலில்லாத அறை. கனமான ஈய அங்கியும், சில்லென்ற மேசையும், சுவரில் ஒரு சின்னக் கண்ணாடித் தடுப்பும்தான் அவள் உலகம். வருகிறவரைப் படுக்க வைத்து, நேராக்கி, தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, நாளெல்லாம் ஒரே பாட்டுப் பாடுவாள். “மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. அசையாதீங்க. ம், விடலாம்.” வீட்டிலும் தூக்கத்தில் அசையாதீங்க என்று சொல்கிறாள் என்பது அம்மாவின் புகார்.

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். தம்பி இருந்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால் வரைக்கும்.

சின்ன வயதில் இருவரும் ‘ஸ்டேச்சு’ விளையாடுவார்கள். ஒருவர் ‘ஸ்டேச்சு’ என்றதும் மற்றவர் நின்றபடி நிற்க வேண்டும். சொன்னவர் கிச்சுகிச்சு மூட்டலாம், காதுக்குள் கண்டதையும் பேசலாம், தோளைத் தொடலாம். அசைந்தால் தோல்வி. தோற்றவர் ஜெயித்தவர் சொல்வதைச் செய்ய வேண்டும். அக்கா ஒரு நாளும் ஜெயித்ததில்லை. அவள் மூக்குக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுவந்தாலே சிரித்துவிடுவாள். தம்பியோ சாப்பிடக் கூப்பிட்டாலும் நிற்பான், மழை வந்தாலும் நிற்பான். “டேய், போதும்டா, நான் தோத்துட்டேன்னு வச்சுக்கோ,” என்று அவள் அழுகிற வரைக்கும் நிற்பான். ஒரு தடவை மதில்மேல் அப்படி நின்று, விழுந்து, இடது காறை எலும்பை முறித்துக்கொண்டான். எலும்பு கோணலாகக் கூடி, அந்தத் தோள் அரை அங்குலம் இறங்கியே நின்றுவிட்டது. பின்னாளில் அவள் வேலைக்குச் சேர்ந்ததும் கற்றுக்கொள்வதற்காக எடுத்த முதல் படம் அந்தத் தோளைத்தான். அசையாதே என்று சொல்லத் தேவைப்படாத ஒரே ஆள் அவன்தான்.

வளர்ந்த பிறகு அந்த நிற்பது விளையாட்டாக இல்லை. அச்சகத்தில் தாள் வெட்டும் மிஷினில் வேலை பார்த்தான். ஒரு நாள் மிஷினுக்கு முன்னால் நின்றவன் நின்றபடியே நின்றுவிட்டான். முதலாளி நல்ல மனிதர், வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, “தம்பி கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கட்டும்மா,” என்றார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பேச்சு குறைந்தது. ஜன்னலருகே காலையில் போய் நின்றால் வெயில் சுவரேறும் வரை நிற்பான். தெருக்காரர்கள் அவனுக்கு ‘கம்பம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மா அதைக் கேட்டும் கேட்காதவள் போல் இருந்தாள்.

ஒரு நாள் காலையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போனான். மத்தியானம் சைக்கிள் வந்தது. கடைக்காரரே தள்ளிக்கொண்டு வந்தார். “ரொம்ப நேரமா பாத்தேம்மா. இங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. டயரை மாட்டிட்டு நிமிந்தேன், ஆளைக் காணோம்,” என்றார். அவ்வளவுதான். அன்று முதல் அம்மா வாசல் கதவைத் தாழிடவில்லை. சைக்கிளில் காற்று இறங்க விடவும் இல்லை. வாரம் தவறாமல் பம்பை வைத்து அடித்து, பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

புகார் கொடுக்கப் போன இடத்தில் படம் கேட்டார்கள். இருந்தது ஒரு அடையாள அட்டைப் படம், தபால் தலை அளவு, பாதி முகத்தில் முத்திரை. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை வச்சு யாரைம்மா தேடறது? இந்த மூஞ்சி எனக்கும் இருக்கு, என் மச்சானுக்கும் இருக்கு. தெளிவா ஒரு படம் கொண்டாங்க, அப்புறம் பாக்கலாம்,” என்றார். நாள் முழுதும் ஊரின் எலும்பையெல்லாம் படம் எடுக்கிறவள் தம்பியின் முகத்தை ஒரு படம் எடுத்து வைக்கவில்லையே என்ற எண்ணம் அவளை அரித்துத் தின்றது. எடுத்திருந்தது அவன் தோள் எலும்பை மட்டும்தான்.

அப்போதுதான் ஸ்டேஷனரிக் கடைச் சுவரில் படக்குழுவின் அறிவிப்பைப் பார்த்தாள். ஒவ்வொரு ஞாயிறும் சந்தை, பஸ் நிலையம், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி வாசல். கூட்டமான இடமாகப் பார்த்துக் கேமராவோடு மூன்று பேர் நிற்கிறார்கள். ஏதாவது ஒரு படத்தில் அவன் சிக்காமலா போவான் என்று நினைத்தாள். பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். முதல் நாளே கறுப்புக் கண்ணாடியைக் காட்டினார்கள். கிணறு தோண்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஆளைத் தேடி வந்தவள் ஆளை அழிக்கிற கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டாள்.

ஆனாலும் விலகவில்லை. அவர்கள் ஸ்டாண்டு போட்டு நிற்கும் இடத்துக்கு வலப்பக்கம் தள்ளி நின்று, தன் கேமராவில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளினாள். வீட்டுக்கு வந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்ப்பாள். ஆயிரம் முகம் இருந்தது, அவன் முகம் இல்லை. பல் டாக்டர் மட்டும் ஒரு நாள், “ஏம்மா எக்ஸ்ரே, எங்க படத்துல ஒருத்தனும் இல்ல, உங்க படத்துல ஒருத்தன் பாக்கி இல்ல,” என்றார். அவள் சிரித்து மழுப்பினாள். தம்பியைத் தேடுகிறேன் என்று சொன்னால் வருகிற ‘அடடா’வைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

கண்காட்சி நெருங்கியது. நூலகத்தில் ஒரு வாரம், ‘ஆளில்லாத ஊர்’ என்று தலைப்பு. படம் தேர்ந்தெடுக்க எல்லாப் படங்களையும் அறையின் தரையில் பரப்பினார்கள். கீழே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தபால்காரர் குனிந்து ஒரு படத்தைத் தொட்டுக்காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். “இந்த சந்தைப் படத்துல ஒரு தூசி இருந்துச்சு பாருங்க, என்ன பாடு படுத்துச்சு. தொடச்சு எடுத்துட்டேன்.”

“எனக்கும் ஒரு கறை விழுந்துச்சு சார், ரயில்வே ஸ்டேஷன்ல,” என்றார் கணக்கு டீச்சர். “கண்ணாடிய மாத்தியும் போகல. நானும் அழிச்சிட்டேன்.”

“எல்லாருக்கும் விழுது. எனக்கு ஆஸ்பத்திரி வாசல்ல,” என்றார் பல் டாக்டர். “அது தூசி இல்ல. எவனோ கடை பொம்மைய வெளியில வச்சிருக்கான். விடுங்க, அழிச்சாச்சு.”

எக்ஸ்ரே அக்கா தலை நிமிர்ந்தாள். ஒரே வாரத்துத் தூசியா, வேறு வேறு வாரமா என்று கேட்டாள். வேறு வேறு வாரம்தான். துடைப்பதற்கு முன்னால் இருந்த படங்கள் இருக்கின்றனவா என்றாள். தபால்காரர் எதையும் தூக்கிப் போடாதவர், எல்லாருடையதும் அவரிடம் இருந்தது. அவற்றைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக, எடுத்த வரிசையில் போடச் சொன்னாள்.

முதல் படம், சந்தை. கடைக்கோடியில் எள் போல ஒரு புள்ளி. அடுத்தது பாலம். புள்ளி கொஞ்சம் நீண்டிருந்தது. அடுத்தது ரயில் நிலையம், விரல்நகம் அளவு கறை. அதற்கடுத்தது பூங்கா, அதற்கடுத்தது ஆஸ்பத்திரி வாசல். படத்துக்குப் படம் அது முன்னால் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். வெறிச்சோடிய வாசலில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓர் ஆள் நின்றிருந்தான். முகம் சின்னதாக, புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. ஆனால் இடது தோள் இறங்கியிருந்தது.

“பொம்மைதான்மா,” என்றார் பல் டாக்டர், குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. “சந்தையில இருந்தது வெறும் தூசி.”

“தூசிக்கு ஏது டாக்டர் தோள்பட்டை?” என்றாள் அவள். சொன்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை மாதம் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். கூட்டத்தை எடுத்த அவள் படங்களில் கூட்டம் அவனை மறைத்துவிட்டது. கூட்டத்தை அழித்த இவர்கள் படங்களில் அவன் மட்டும் மிஞ்சியிருந்தான், நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்க இந்த ஊரில் அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. இவர்களோ வாராவாரம் அவனைத் தேடிப் பிடித்துத் துடைத்திருக்கிறார்கள். தபால்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “எனக்குத் தெரியாதும்மா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கணக்கு டீச்சர்தான் அதைக் கவனித்தார். “இவர் கேமராவப் பாக்கல, பாத்தீங்களா? ஆள் தெரியற படத்துலயெல்லாம் தலை கொஞ்சம் வலது பக்கமா திரும்பியிருக்கு.” பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் வாயை மூடிக்கொண்டார். ஸ்டாண்டுகளுக்கு வலப்பக்கம் தள்ளி யார் நிற்பது வழக்கம் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு பஸ் நிலையம் என்று முடிவாயிற்று. கண்காட்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தெளிவான படம் ஒன்று கைக்கு வரட்டும், அதைக் கொண்டுபோய் அம்மா மடியில் போடலாம், அந்த அதிகாரியின் மேசையிலும் போடலாம் என்று இருந்தாள்.

நல்ல வெயில். பஸ்கள் வருவதும் போவதுமாக, ஹாரன் காதைப் பிளந்தது. விசாரணைச் சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தூண், அதைச் சுற்றித்தான் கூட்டம் சுழன்று போகும். எதிர்ப்புறம் சரக்கு அறையின் படியில் ஸ்டாண்டைப் போட்டார்கள். கேமராவின்மேல் வெயில் படாமல் பல் டாக்டர் குடை பிடித்துக்கொண்டார். அவள் கண் வலிக்கிற வரை கூட்டத்தைப் பார்த்தாள். தூணருகே நூறு பேர் போனார்கள், வந்தார்கள். நிற்கிற ஆள் ஒருவனும் இல்லை.

முதல் படம் எடுத்தார்கள். சின்னத் திரையில் அது வந்ததும் நாலு தலையும் ஒன்றாக முட்டின. காலியான பஸ் நிலையம். தூணுக்கு இடப்பக்கம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவன். சட்டைப் பொத்தான்கூடத் தெரிகிற தூரம். தொப்பி போட்டதுபோல் தூணின் நிழல் முகத்தில் விழுந்திருந்தது.

அவள் ஓடினாள். தூணைச் சுற்றிப் பார்த்தாள், சன்னலில் கேட்டாள், பெஞ்சில் இருந்தவர்களைக் கேட்டாள். “இங்க இப்ப யாராவது நின்னாங்களா? ரொம்ப நேரமா?” கடலை விற்கிறவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இந்த இடத்துல யாரும்மா நிக்க முடியும்? தள்ளிக்கிட்டே போயிருவாங்க,” என்றார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற மாதிரி, படத்தில் அவன் இருந்தான் கூட்டம் இல்லை, தரையில் கூட்டம் இருந்தது அவன் இல்லை.

திரும்பி வந்து, மூச்சு வாங்க, “டாக்டர், நான் அங்க போய் நிக்கறேன்,” என்றாள். “அந்தத் தூண்கிட்ட. நீங்க எடுங்க. நிழல் நகந்திருக்கும், இந்தத் தடவ முகம் விழும்.”

“நீ அசைஞ்சா நீ விழமாட்ட. அவன் மட்டும்தான் விழுவான், அதுவும் வந்தா,” என்றார் அவர். முதல் தடவையாக நீ என்று ஒருமையில் பேசினார், மகளிடம் பேசுவதுபோல். “நான் எடுத்து முடிச்சதும் குடைய மடக்கறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கமே பாரு. திரும்பாத.”

கணக்கு டீச்சர் வெயிலைப் பார்த்துவிட்டு நேரம் சொன்னார். அவள் போய்த் தூணுக்குப் பக்கத்தில், தனக்கு இடப்புறம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்கு விளையாட்டின் விதி ஞாபகம் வந்தது. இந்தத் தடவை தோற்கக்கூடாது. ஜெயித்தால் சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள்: வீட்டுக்கு வா. அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கப் போவதில்லை.

தூரத்தில் பல் டாக்டர் தலையை ஆட்டினார். ஷட்டர் திறந்துவிட்டது.

நின்றால்தான் தெரிகிறது, ஊர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று. முகங்கள் அவள்மேல் பாய்ந்து வந்து கடைசி நொடியில் விலகின. ஒரு பெட்டியின் மூலை முழங்காலில் இடித்தது. ஒரு குழந்தை அவள் புடவையைப் பிடித்துவிட்டு, முகத்தை அண்ணாந்து பார்த்து, அழுதுகொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் யாரும் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். தூணைச் சுற்றிப் போவதுபோல் அவளையும் சுற்றிப் போனார்கள். தம்பி இத்தனை நாள் இப்படித்தான் இருந்தானா என்ற நினைப்பு வந்தது. அதையும் அசையாமல் விழுங்கினாள்.

அப்போது இடது பக்கம் வெயில் குறைந்தது. யாரோ வந்து நின்றதுபோல் அந்தப் பக்கக் கன்னத்தில் சூடு தணிந்தது. கூட்டம் என்று நினைத்தாள். கூட்டமானால் நகரும், இது நகரவில்லை. தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. இடிக்கிற கை இல்லை, இளைப்பாறுகிற கை. அச்சு மையின் மணம் லேசாக வந்தது.

அவன்தான். அவள் உடம்புக்கே தெரிந்துவிட்டது. உள்ளே இருந்த ஒவ்வொரு எலும்பும் திரும்பு என்றது. ஆனால் திரும்பினால் அசைந்ததாகும். அசைந்தால் தோற்றதாகும். சின்ன வயதில் ஜெயித்ததும் சிரித்துக்கொண்டே ஓடுவதுபோல் ஓடிவிடுவான், படமும் கெடும், மறுபடி அந்தத் தபால் தலைதான் மிஞ்சும். காதருகே முணுமுணுவென்று பேச்சு கேட்டது. அப்படித்தான் பேசுவான், சிரிக்க வைக்க. கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மனதுக்குள் தன் பாட்டைப் பாடத் தொடங்கினாள். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, அசையாதீங்க. ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது. முணுமுணுப்பு நிற்கவில்லை. கை தோளை ஒரு தடவை அழுத்தியது. அவள் எதிரே இருந்த குடையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

குடை மடங்கியது.

“வீட்டுக்கு வாடா,” என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். பையைத் தலையில் சுமந்த ஒரு பெண், “கொஞ்சம் ஒதுங்கும்மா, எவ்வளவு நேரம் குறுக்க நிப்ப?” என்று அவளை விலக்கிக்கொண்டு போனாள். இடப்பக்கம் வேறு யாரும் இல்லை.

படியேறி வந்தபோது மூவரும் கேமராவைச் சுற்றி நின்றார்கள். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தபால்காரர் நகர்ந்து வழிவிட்டார். காலியான பஸ் நிலையத்தில், தூணருகே, அவள் கல்லில் வடித்த மாதிரி அத்தனை தெளிவாக நின்றிருந்தாள். பக்கத்தில் அவன் புகையாக இருந்தான். அவளை நோக்கிச் சாய்ந்திருந்தான் என்பது தெரிந்தது. தோளின்மேல் வைத்த கை மட்டும் நகமும் நரம்பும் எண்ணுகிற தெளிவில் விழுந்திருந்தது, அந்தக் கை கடைசி வரை அங்கேயே இருந்திருக்கிறது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. வெள்ளையும் சாம்பலுமாக ஒரு கலங்கல்.

“அசைஞ்சிட்டானே,” என்றார் பல் டாக்டர், மெதுவாக.

“பேசிக்கிட்டே இருந்திருக்காரு,” என்றார் கணக்கு டீச்சர். “நிறுத்தாம பேசினா முகம் இப்படித்தான் கலஞ்சு போகும்.”

அன்று பொழுது சாயும்வரை அதே இடத்தில் எடுத்துப் பார்த்தார்கள். தூண் விழுந்தது, சன்னல் விழுந்தது. அடுத்த வாரம் சந்தை, அதற்கடுத்த வாரம் பாலம். ஓர் எள்ளளவு தூசி இல்லை. தபால்காரர் ஒவ்வொரு படத்தையும் துடைக்காமல் அப்படியே கொண்டுவந்து அவளிடம் நீட்டினார், அவளும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதன் பிறகுதான் அவள் கூட்டத்துக்குள் நடக்கத் தொடங்கினாள், தொட்டவர் முகத்தையெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டு. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறாள் என்று அவளுக்கே தெரியும்.

கண்காட்சி நடக்கவில்லை. அந்தப் படத்தை அதிகாரியிடம் கொண்டுபோகவும் இல்லை. தலையில்லாத படத்தை வைத்து யாரைத் தேடச் சொல்வது? ஆனால் எடுத்த அன்று ராத்திரியே அதைப் பிரதி போட்டு அம்மாவிடம் காட்டினாள், காட்டாமல் இருக்க முடியவில்லை.

அம்மா முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பயப்படவில்லை, அழவில்லை. அந்தக் கையின்மேல் பெருவிரலை வைத்து, டயரை அழுத்திப் பார்ப்பதுபோல் அழுத்தினாள்.

“என்னடி சொன்னான்?”

“கேக்கலம்மா.”

“பக்கத்துல நின்னுதானே பேசியிருக்கான்.”

“திரும்பினா படம் கெட்டுரும்னு அசையாம நின்னுட்டேம்மா.”

அம்மா தலையை ஆட்டினாள். படத்தைப் பத்திரமாக அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். பம்பை எடுத்து டயரின் வாயில் மாட்டினாள்.

“அப்போ இந்தத் தடவ நீதான் ஜெயிச்சிருக்க,” என்றாள்.